பொங்கலுக்கு ஊர் வீட்டைத் திறக்கிறோம்: வீட்டையும் பிள்ளைகளையும் தயார்செய்ய முழுமையான வழிகாட்டி

ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் ஊர் வீடு பல குடும்பங்களில் தை பிறக்கும்போது மட்டும்தான் திறக்கிறது. சென்னை, கோவை, பெங்களூரு, துபாய் என்று பிரிந்து கிடப்பவர்கள் நான்கு நாள் ஒரே கூரையின் கீழ் கூடுகிறார்கள். பெரியவர்கள் 12 பேர், பிள்ளைகள் 6 பேர், கழிப்பறை இரண்டு என்ற கணக்கை வைத்து இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறோம். உங்கள் வீட்டு எண்ணிக்கைக்குத் தக்கபடி அளவுகளைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

இப்படிக் கூடும்போது சாப்பாட்டால் மனக்கசப்பு வருவது அரிது. காலை ஏழு மணிக்குத் தொட்டி காலியாவது, கழிப்பறை அடைத்துக்கொள்வது, சரியாகத் தூங்காமல் சின்னவர்களும் பெரியவர்களும் எரிச்சலோடு எழுவது ஆகிய மூன்றும்தான் நல்ல நாளைக் கெடுக்கின்றன. ஆனால் எல்லா வீட்டிலும் முதலில் பட்டியல் போடுவது பலகாரத்துக்கு. அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்.

நவம்பரில் முடிக்க வேண்டியவை

தை 1 ஜனவரி 14 அல்லது 15இல் வரும். ரயிலில் இப்போது 60 நாள் முன்புதான் முன்பதிவு திறக்கிறது. ஜனவரி 13 இரவு வண்டிக்கு நவம்பர் 14 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். போகும் பயணத்தைவிடக் காணும் பொங்கல் இரவு திரும்பும் பயணத்துக்குத்தான் அடிதடி அதிகம் என்பதால், ஒரு நாள் தள்ளித் திரும்ப விடுப்பு கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

டிக்கெட் எடுக்கும் அன்றே ஒரு பட்டியலும் தயாராகட்டும். யார், எந்த நாள் வந்து எந்த நாள் கிளம்புகிறார்கள், பிள்ளைகளின் வயது, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூச்சிரைப்பு, யாரால் மாடி ஏற முடியாது, யாரால் கீழே உட்கார்ந்து எழ முடியாது. படுக்கை, கழிப்பறை, சமையல் என்று பின்னால் வரும் எல்லா முடிவும் இந்த ஒரு தாளை வைத்துத்தான்.

பணத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று பொதுக்கணக்கில் போட்டு, ஒருவர் செலவு செய்து, வாட்ஸ்அப் குழுவில் தினமும் கணக்கை எழுதுவது நல்லது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால், மூத்த மகனோ ஊரில் இருக்கும் மகளோ மொத்தத்தையும் சுமந்துவிட்டு வாய் திறக்காமல் இருப்பார்கள். அது பல வருடம் கழித்து வேறு ஏதோ பேச்சில் வெடிக்கும்.

வீட்டைத் திறக்கும் முதல் நாள்

மார்கழி பிறந்ததும், டிசம்பர் மூன்றாம் வாரத்தில், பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் போங்கள். பிள்ளைகள் வேண்டாம். மூடிய காலணி, டார்ச், நீளமான கம்பு, முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள். கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் திண்ணையில் உட்காருங்கள். பூட்டிய வீட்டின் பூஞ்சணக் காற்று வெளியேறட்டும்.

பரண், விறகு அடுக்கு, கவிழ்த்த அண்டா, சுருட்டிய பாய், பழைய செருப்பு எதிலும் முதலில் கையை விடாதீர்கள். கம்பால் தட்டி, வெளிச்சம் அடித்துப் பார்த்த பிறகுதான் கை. பாம்பு இருந்தால் அடிக்கப் போக வேண்டாம். அறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்லுங்கள். குளவிக் கூட்டுக்கும் அவர்களையே கூப்பிடலாம். பந்தம் கொளுத்திக் காட்டுவது கூரையையும் ஆளையும் சேர்த்துச் சுடும் வேலை.

எலிப்புழுக்கை கிடந்தால் உலர்ந்தபடியே பெருக்க வேண்டாம். தூசியோடு மூச்சில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். எலி நடமாட்டத்துக்குப் பொறிக்கூண்டு போதும். எலி பேஸ்ட் மட்டும் பிள்ளைகள் வரப்போகும் வீட்டுக்குள் நுழையவே கூடாது. அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலை அழிப்பது, அதற்கென்று மாற்றுமருந்தும் கிடையாது.

மின்சாரத்தை நீங்களே போட்டுப் பார்க்காமல் எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள். மெயின் போர்டில், மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் பொங்கலுக்கு முன் பொருத்திவிடுங்கள். ஈரக் கையோடு பிள்ளைகள் சுவிட்சைத் தொடும் வீட்டில் உயிரைக் காப்பது அதுதான். இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

தண்ணீர்

தலைக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வையுங்கள். 18 பேருக்கு 1,800 லிட்டர். மாடியில் இருப்பது 1,000 லிட்டர் தொட்டி என்றால் காலையும் மாலையும் நிரப்பியே ஆக வேண்டும். அந்த வேலையை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். "யாராவது மோட்டார் போட்டிருப்பாங்க" என்று எல்லாரும் நினைக்கும் வீட்டில்தான் சோப்பு நுரையோடு ஒருவர் குளியலறையில் நிற்பார்.

ஒரு வருடம் ஓடாத மோட்டார் முதல் நாளே ஓடும் என்று நம்ப வேண்டாம். தரைமேல் இருக்கும் மோட்டார் என்றால், கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில் நீரைப் பிடித்து வைக்கும் ஃபுட் வால்வு காய்ந்து, குழாயில் நின்ற தண்ணீர் இறங்கியிருக்கும். பம்பின் மேல் மூடியைத் திறந்து வழிய வழிய நீர் ஊற்றிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே போனால் வால்வை மாற்றுங்கள். வெறும் காற்றில் மோட்டாரை ஓடவிட்டால் சீல் கருகிப்போகும். ஆழ்குழாய் மோட்டார் உறுமிவிட்டு நின்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும், மாற்றினால் ஓடும். கெப்பாசிட்டர் மாற்றியும் உறுமினால் பம்பு இறுகியிருக்கிறது. மேலே எடுக்க ஒரு நாள் ஆகும். டிசம்பரிலேயே பார்க்கச் சொல்வது இதற்காகத்தான், போகியன்று மெக்கானிக் கிடைக்க மாட்டார்.

மேல்தொட்டியைக் காலி செய்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, இரண்டு முறை அலசி வெளியேற்றுங்கள். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட ஒரு கணக்கு இருக்கிறது. விட்டத்தை மீட்டரில் அளந்து அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 4ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். விட்டம் 2 மீட்டர், நீர் 3 மீட்டர் என்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வீதம் 24 கிராம் வேண்டும். அதைக் கொஞ்சம் நீரில் பசையாகக் குழைத்து, வாளியில் முக்கால்வாசி நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, நீர்மட்டத்துக்குக் கீழே மேலும் கீழுமாக அசைத்துக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு வண்டலைக் கிணற்றில் கொட்டினால் நீர் கடினமாகும், கீழே ஊற்றிவிடுங்கள். இரவு போட்டுவிட்டுக் காலையில் இறைப்பது நல்லது, குறைந்தது ஒரு மணி நேரமாவது விட வேண்டும். பவுடர் வாங்கி மாதக்கணக்கில் திறந்து வைத்தது என்றால் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள். என்ன செய்தாலும் குடிக்க மட்டும் கொதிக்க வைத்த நீரோ கேன் தண்ணீரோதான். ஊர்த் தண்ணீர் பழகாத பிள்ளைகளுக்கு இரண்டாம் நாளே வயிறு போகத் தொடங்கினால் விழாவே ஆஸ்பத்திரியில் முடியும்.

கழிப்பறை

செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: இரண்டு வாளித் தண்ணீரைக் கழிப்பறைக் கோப்பையில் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். உடனே இறங்காமல் ஏறி நின்று மெதுவாக வடிந்தால், அல்லது குமிழி விட்டால், குழாயில் அடைப்பு இருக்கிறது அல்லது தொட்டி நிறைந்திருக்கிறது. 2 பேர் இருக்கும்போது தாக்குப்பிடிக்கும் தொட்டி 18 பேருக்கு ஒரே நாளில் பொங்கிவிடும். கழிவுநீர் லாரியை டிசம்பரில் வரச் சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்கும் ஆளை உள்ளே இறக்கக் கூடாது. உள்ளே தேங்கும் நச்சுவாயு சில நொடியில் ஆளை வீழ்த்தும். மனிதரை அந்த வேலைக்கு இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

தரைமட்டக் கோப்பை மட்டும் உள்ள வீட்டில் முழங்கால் வலிக்காரர்கள் வெளியே சொல்லாமல் நான்கு நாளும் அரைச் சாப்பாடு சாப்பிடுவார்கள். நடுவில் துளையிட்ட கமோடு நாற்காலி மருந்துக் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதைக் கோப்பைக்கு மேல் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. ஒன்று வாங்கி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

பெண்கள் பயன்படுத்தும் கழிப்பறையில் மூடியுள்ள குப்பைக்கூடையும், பக்கத்தில் கிழித்து வைத்த பழைய செய்தித்தாளும், நாப்கினும் இருக்கட்டும். இதைப் பேச வெட்கப்பட்டு விட்டுவிடுகிறோம். போட இடம் தெரியாமல் உள்ளே போட்ட நாப்கின்தான் திருவிழா நாளில் குழாயை அடைக்கிறது. அந்த நாட்களில் இருக்கும் பெண்ணையோ சிறுமியையோ தள்ளி உட்கார வைக்கும் வழக்கம் இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கூடலோடு அதை நிறுத்திவிடுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது வாழ்நாள் வடுவாக நிற்கும்.

வெள்ளையடிப்பு

சுண்ணாம்பு அடிப்பதென்றால் ஜனவரி முதல் வாரத்துக்குள் முடிக்க வேண்டும். மார்கழிப் பனியில் சுவர் காயத் தாமதமாகும். கல் சுண்ணாம்பைத் தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அன்று பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. தாளித்ததை ஒரு நாள் ஊறவிட்டு, வடிகட்டி, கொஞ்சம் நீலமும் ஒட்டுக்கு அரிசிக் கஞ்சியும் சேருங்கள். பழைய பொருக்கைச் சுரண்டி, சுவரை நனைத்த பிறகு அடியுங்கள். காய்ந்த சுவரில் அடித்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும், பொங்கலன்று சாய்ந்தவர் முதுகெல்லாம் வெள்ளையாகும். மெல்லியதாக இரண்டு பூச்சு, கெட்டியாக ஒன்றைவிட நன்றாக நிற்கும்.

படுக்கை

ஒரு வாரம் முன்பு எல்லாப் பாய், தலையணை, ஜமுக்காளத்தையும் இரண்டு பக்கமும் வெயிலில் போடுங்கள். அந்துருண்டை போட்டு வைத்த போர்வைகளைத் துவைத்துக் காயவைத்த பிறகே கைக்குழந்தைக்குப் போர்த்த வேண்டும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையின் நெடியே ரத்த அணுக்களைச் சிதைக்கக் கூடியது. குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியாது, அதனால் எல்லாக் குழந்தைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். போதாத மெத்தை, தலையணை, நாற்காலிகளைப் பந்தல் கடையில் வாடகைக்கு எடுக்கலாம். தையில் கல்யாணங்களும் தொடங்குவதால் பதினைந்து நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

தரையில் படுப்பவர்கள் கட்டாயம் கொசுவலைக்குள் படுக்கட்டும், வலையின் ஓரம் பாய்க்கு அடியில் செருகியிருக்க வேண்டும். கொசுவுக்கு மட்டுமல்ல. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, தூங்குபவரைக் கடிக்கும் பாம்பு. கடி வலிக்காமலேகூட இருக்கும், தடமும் தெரியாது. விடியற்காலையில் ஒரு பிள்ளை காரணமில்லாமல் வயிற்றுவலி, கண் இமை சொருகுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காமல், 108ஐ அழைத்து விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது.

யார் எங்கே படுப்பது என்பதை முதல் நாள் இரவு பத்து மணிக்குப் பேசக் கூடாது. முன்பே எழுதி அனுப்புங்கள். கைக்குழந்தை உள்ளவர்களுக்குக் கதவு மூடும் அறை. முதியவர்களுக்குக் கழிப்பறைக்குப் பக்கம், வழியில் இரவு விளக்கு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு மேசையும் காலையில் இரண்டு மணி நேரம் அமைதியும். பொதுத்தேர்வு பக்கத்தில் இருக்கிறது. படிக்கிற பிள்ளையைப் பார்த்து "பொங்கலுக்குமா?" என்று கேட்கும் மாமாவுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது பெற்றோர் வேலை. பிள்ளைகள் படுக்கும் கூடத்தில் அவர்களோடு பெற்றோரில் ஒருவராவது படுக்கட்டும்.

பிள்ளைகளைத் தயார்செய்வது

நகரத்து அடுக்குமாடியில் மூன்று பேரோடு வளரும் பிள்ளையை ஒரே நாளில் பதினெட்டு பேர் நடுவில் விட்டால் அது அழும், அறைக்குள் ஒளியும், அல்லது கைபேசியில் முகம் புதைக்கும். அதை அடம் என்று சொல்வது நியாயமில்லை. மூன்று வாரம் முன்பே இப்படித் தொடங்கலாம்.

உறவு அட்டை ஒன்று செய்யுங்கள். ஒரு சார்ட் தாளில் தாத்தா ஆச்சியில் தொடங்கி எல்லாருடைய படத்தையும் ஒட்டி, இந்தப் பிள்ளை அவரை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கீழே எழுதுங்கள். தன் அம்மாவை மாமன் மகள் "அத்தை" என்று கூப்பிடும்போது நான்கு வயதுக் குழந்தைக்குக் குழம்பும், அட்டையைக் காட்டி விளக்கினால் அதுவே விளையாட்டாகிவிடும். வாரம் ஒருமுறை சம வயதுப் பிள்ளைகள் மட்டும் வீடியோவில் பேசட்டும், பெரியவர்கள் நடுவில் புகாமல்.

தொடுவதைப் பற்றித் தெளிவாகப் பேசிவிடுங்கள். "மாமாவுக்கு முத்தம் குடு, இல்லேன்னா கோவிச்சுப்பாரு" என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. வணக்கம் சொல்லலாம், கை கொடுக்கலாம், பிடித்தால் கட்டிக்கொள்ளலாம். மூன்றில் எது என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். இதைக் குழந்தையிடம் மட்டும் சொன்னால் போதாது, குடும்பக் குழுவிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். யாராவது பிடிக்காத இடத்தில் தொட்டாலோ, "அம்மாகிட்ட சொல்லாதே" என்று எதையாவது சொன்னாலோ, அவர் யாராக இருந்தாலும் உடனே வந்து சொல்ல வேண்டும், திட்டு விழாது என்று பயணத்துக்கு முன்பு ஒருமுறை, போய்ச் சேர்ந்த பிறகு ஒருமுறை சொல்லுங்கள். சொந்தத்துக்குள் இது நடக்காது என்ற நம்பிக்கையில்தான் பல பிள்ளைகள் ஊமையாகிப் போயிருக்கிறார்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

அடுத்தது பேச்சு. "கறுத்துட்டியே", "இப்படி இளைச்சுட்டே, அம்மா சோறு போடலையா", "எத்தனை மார்க்கு?" இவை மூன்றும் வரும். அன்பாகச் சொல்வதுதான், ஆனாலும் பதிமூன்று வயதுக்கு வலிக்கும். பிள்ளை பதில் தேடித் திணற வேண்டாம், "நல்லா இருக்கான் அத்தை, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று பெற்றோர் பேச்சைத் தாங்கிக்கொள்ளட்டும்.

தரைமட்டக் கழிப்பறையில் உட்காரத் தெரியாத பிள்ளைகள் இப்போது நிறைய. பயந்து அடக்கி, நான்காம் நாள் வயிற்றுவலியில் துடிப்பார்கள். பக்கத்து வீட்டிலோ கோயில் வளாகத்திலோ இருக்கும் கழிப்பறையில் இரண்டு மூன்று முறை பழக்குங்கள். இருட்டுக்கு ஆளுக்கொரு சின்ன டார்ச் கொடுங்கள். ஊரில் இருக்கும் நாட்களில் வாழைப்பழமும் போதிய தண்ணீரும் தவறக் கூடாது.

கைபேசிக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விதி வேண்டும். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் அனைவருக்கும் அதுவே. ஒரு வீட்டில் அனுமதி, மற்ற வீட்டில் தடை என்றால் பிள்ளைகள் சண்டை பெரியவர்கள் சண்டையாக மாறும். யாருக்கும் தரமாட்டேன் என்று குழந்தை நினைக்கும் பொம்மையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தாயம், பல்லாங்குழி, பம்பரம், கேரம் போர்டு, ஒரு ரப்பர் பந்து, இவை பொதுச் சொத்து.

எல்லாவற்றையும்விட, பிள்ளைக்கு ஒரு நிஜ வேலை கொடுங்கள். நான்கைந்து வயது மொச்சை உரிக்கும். அந்தப் பருவத்தில் கூடைகூடையாக மொச்சை வரும், தாத்தாவோடு உட்கார்ந்து உரிப்பதில்தான் பழக்கமே தொடங்கும். ஏழெட்டு வயது பந்தியில் நுனி இடப்பக்கம் வரும்படி இலை போட்டு, உப்பு வைக்கும். பத்துப் பன்னிரண்டு வயது கோலத்துக்குக் காவி இடும், தொழுவம் பெருக்கும். பதின்ம வயதுக்குப் பொதுக்கணக்கு எழுதும் பொறுப்பையே கொடுக்கலாம். பையன், பெண் என்று பிரித்துக் கொடுக்காதீர்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு வீட்டைப் பத்திரப்படுத்துவது

முழங்காலில் தவழ்ந்து வீடு முழுக்க ஒருமுறை சுற்றி வாருங்கள், குழந்தையின் உயரத்தில்தான் ஆபத்துகள் கண்ணில் படும். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டுப் பூட்ட வேண்டும். சம்ப் மூடியில் பூட்டு இல்லையென்றால், குழந்தை நகர்த்த முடியாத கனத்தை அதன்மேல் வையுங்கள். குளியலறை வாளிகளை இரவில் கவிழ்த்து வையுங்கள். ஒரு சாண் தண்ணீரில் தலைகீழாக விழுந்த குழந்தை சத்தம்கூட எழுப்பாது.

விருந்தினர் கைப்பையில் வரும் மாத்திரைகள்தான் யாரும் எதிர்பாராத ஆபத்து. சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், இரண்டு வயதுக் குழந்தை மயங்கிவிடும். வந்தவுடன் எல்லாருடைய மருந்துப் பைகளையும் பூட்டும் அலமாரிக்கு மாற்றுங்கள். பொத்தான் பேட்டரி, குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், மீந்த சுண்ணாம்பு ஆகியவையும் அதே அலமாரிக்கு.

பெரியவர்கள் நிறைய இருக்கும் இடத்தில்தான் குழந்தைகள் கண்ணிலிருந்து தப்புகிறார்கள், ஏனென்றால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வதாக நினைக்கிறார்கள். மணிக்கொருவர் முறை வைத்துக்கொள்ளுங்கள். முறை யாருடையதோ அவர் கழுத்தில் ஒரு விசில் தொங்கட்டும். விசிலை அடுத்தவர் கையில் கொடுத்த பிறகே தன் வேலைக்குப் போக வேண்டும்.

சமையலறை

கேஸ் இணைப்பில் முதலில் பார்க்க வேண்டியது ரப்பர் குழாய். ஐந்து ஆண்டு தாண்டியிருந்தாலோ, எலிப்பல் தடம் இருந்தாலோ மாற்றுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கசிவு என்றால் 1906.

அளவுகள்: ஒரு வேளைச் சோற்றுக்கு 18 பேருக்கு அரிசி 2 கிலோ. இட்லிக்கு ஒன்றரைக் கிலோ இட்லி அரிசி, 375 கிராம் உளுந்து, இரண்டு தேக்கரண்டி வெந்தயம். பால் நாளுக்கு நாலரை லிட்டர், தயிருக்குத் தனியாக இரண்டு லிட்டர். ஊர்ப் பால்காரரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லாவிட்டால் அந்த நாட்களில் கிடைக்காது. தைக் குளிரில் மாவு எட்டு மணி நேரத்தில் புளிக்காது. மாலை நான்கு மணிக்கே அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கரைத்து, அடுப்புப் பக்கம் கோணி சுற்றி வைத்தால் காலைக்குப் பொங்கியிருக்கும். முறுக்கு, அதிரசத்தை அவரவர் ஊரிலேயே செய்து ஆளுக்கொரு டப்பாவாகக் கொண்டுவரட்டும்.

வேலைப் பங்கீட்டைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, காபி போடுவது எல்லாவற்றிலும் ஆண்கள் பெயரும் வேண்டும். நான்கு நாளும் புகையில் நின்றுவிட்டுப் போகும் மருமகள்களுக்கு அது விடுமுறையே கிடையாது. அடுத்த வருடம் அவர்கள் வராமல் இருக்கக் காரணம் கண்டுபிடித்தால் குற்றம் அவர்களுடையதல்ல.

நான்கு நாட்கள்

போகியில் பாய், காகிதம், ஓலை மட்டும் எரியட்டும். டயரும் பிளாஸ்டிக்கும் வேண்டாம். மூச்சிரைப்பு உள்ள பிள்ளையைப் புகை அடங்கும்வரை உள்ளறையில் வைத்து, இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

பொங்கலன்று மண்பானை என்றால் மூன்று நாள் முன்பே வாங்கி, ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவைத்து, அரிசி களைந்த நீரை ஊற்றி ஒருமுறை இளந்தீயில் கொதிக்கவிட்டுப் பழக்க வேண்டும். 1 கிலோ பச்சரிசிக்குப் பானை 10 லிட்டர் கொள்ள வேண்டும். பாசிப்பருப்பு 200 கிராம், வெல்லம் ஒன்றேகால் கிலோ, பால் 1 லிட்டர், நெய் 250 கிராம், முந்திரி 100 கிராம், திராட்சை 50 கிராம், ஏலக்காய் பத்துப் பன்னிரண்டு. அடுப்புக் கற்கள் காய்ந்தவையாக இருக்கட்டும். பானையின் கழுத்துவரை களைந்த நீரும் பாலும் ஊற்றி, முதலில் சின்னத் தீ. எடுத்தவுடன் பெருந்தீ வைத்தால் பானை விரியும். பொங்கி வழிந்ததும் பாதி நீரை முகந்து மூடி வைத்துக்கொண்டு அரிசியும் பருப்பும் போடுங்கள். தேவைப்படும்போது முகந்த சூடான நீரையே சேருங்கள், பச்சைத் தண்ணீர் பட்டாலும் பானை கீறும். புத்தரிசிக்கு நீர் குறைவாகவே போதும். அரிசி விரலால் நசுங்கும்வரை வெந்த பிறகே, கரைத்து வடிகட்டிய வெல்லத்தை ஊற்ற வேண்டும். முன்னால் ஊற்றிவிட்டால் அதற்குமேல் அரிசி வேகாது, பல்லில் கடிபடும். வெல்லம் கொதிக்கும்போது பால் சேர்த்தால் திரிந்துபோகும், அதனால்தான் பால் முதலிலேயே போகிறது.

அடுப்பைச் சுற்றி நாலடி தள்ளிப் பெரிய வட்டமாகக் கோலம் போட்டு, பிள்ளைகள் அதற்கு வெளியே நின்று "பொங்கலோ பொங்கல்" சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். பருத்தி உடை, தலைமுடி பின்னியிருக்கட்டும். சுட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். டூத்பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதுவும் வைக்க வேண்டாம். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டாலோ மருத்துவமனை. கரும்பை நான்கு வயதுக்குக் கீழ் துண்டாகக் கொடுக்காதீர்கள், சக்கை தொண்டையில் சிக்கும். சாறு பிழிந்து கொடுக்கலாம்.

மாட்டுப் பொங்கலன்று மணியும் மாலையும் மத்தளமுமாக மாடு ஏற்கெனவே மிரண்டிருக்கும். நகரத்துப் பிள்ளைகள் மாட்டின் பின்னால் நிற்கக் கூடாது. வளர்ப்பவர் கயிற்றைப் பிடித்திருக்கும்போது தோள் பக்கமாகப் போய்க் கழுத்தைத் தடவலாம். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் ஒருபோதும் போகக் கூடாது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்ப் பக்கம் வீடு என்றாலும் சின்னப் பிள்ளைகளுக்கு ஜல்லிக்கட்டைத் தொலைக்காட்சியில் காட்டுங்கள்.

காணும் பொங்கல் கூட்டத்தில் தொலைவது எளிது. மெரினாவில் போலீசார் பிள்ளைகள் கையில் கட்டும் பட்டையைப் போல நீங்களே ஒன்று செய்யலாம். ஒரு துணிப்பட்டையில் அழியாத மையால் இரண்டு கைபேசி எண்கள் போதும், பெயர் வேண்டாம். ஆற்றிலோ குளத்திலோ இறங்கத் திட்டமிட்டிருந்தால் விசில் முறை அங்கும் தொடரட்டும். நீச்சல் தெரிந்த பெரியவர் கரையில் நிற்காமல் தண்ணீருக்குள் நிற்க வேண்டும்.

பூட்டிக் கிளம்பும் முன்

கிளம்பும் நாள் அவசரத்தில் இதைச் செய்ய முடியாது, முந்தின மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மீந்த அரிசி, பருப்பு எதுவும் வீட்டில் தங்கக் கூடாது. அதுதான் எலியைக் கூப்பிடுகிறது, எலி பாம்பைக் கூப்பிடுகிறது. மேல்தொட்டியைக் காலி செய்து வாளிகளைக் கவிழ்த்துங்கள், தேங்கிய நீரில் கொசு முட்டையிடும். கழிப்பறைக் கோப்பையில் ஒரு வாளி நீர் ஊற்றித் தட்டால் மூடுங்கள். துவைத்துக் காய்ந்த போர்வைகளை மூடியுள்ள டிரம்மில் போடுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டருக்குப் பாதுகாப்பு மூடி போட்டு, மெயின் சுவிட்சை அணையுங்கள். சாவியை வைத்திருப்பவருக்கு மாதம் ஒருமுறை வந்து மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டவும் சன்னலைத் திறக்கவும் கூலி பேசி, முதல் மூன்று மாதப் பணத்தைப் பொதுக்கணக்கிலிருந்து அன்றே கொடுத்துவிடுங்கள்.